ஓடக் கூடாத கைக்கடிகாரம்

என்னுடைய முக்கியமான சாட்சி புதன்கிழமை காலை, நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, என் மணிக்கட்டிலேயே உயிரை விட்டது.

நான் அதைக் கவனிக்கவில்லை. கதவில் 'ஒரேல் ஜாக்கோ, துப்பறிவாளர்' என்று பித்தளைப் பலகை மாட்டி வைத்திருப்பவன் நான். கவனித்ததோ என் உதவியாளர் நதேஜ்.

"பாஸ், மணி என்ன?"

வாட்ச்சைப் பார்த்து, "ஏழே கால்" என்றேன் கம்பீரமாக.

"அப்படியா. பள்ளிக்கூடம் விட்டு பிள்ளைங்க மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிட்டிருக்காங்க. ஏழே காலுக்கே பசிச்சிருச்சு போல."

வாட்ச்சைக் காதில் வைத்தேன். சத்தமே இல்லை. உதறினேன். விநாடி முள் தூக்கத்தில் எழுந்தவன் போல நாலு எட்டு வைத்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது.

"எப்போ கையில கட்டினீங்க?" என்றாள் நதேஜ்.

"திங்கக்கிழமை. கழட்டவே இல்ல. இது ஆட்டோமேட்டிக். கை ஆட ஆட தானா முறுக்கிக்கும். நிக்கவே கூடாது."

"அப்போ நிச்சயமா உங்க கைதான் செத்துப்போச்சு. பெர்னுக்கு எழுதிப் போடுங்க பாஸ். உதவித்தொகை தருவாங்க."

அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் சொல்லும் வார்த்தைகள்தான் என்னை அதிகமாகக் குத்தும். ஏனென்றால் இந்த வாட்ச்சை நம்பித்தான் நான் ஒரு மனிதனின் உதவித்தொகையை நிறுத்தச் சொல்லியிருந்தேன்.

அந்த மனிதர் பெயர் பசீல் அம்ஸ்டுட்ஸ். எங்கள் சேந்திமியே ஊருக்கு மேலே, மோன் சொலெய் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். போன வருஷம் ஒரு மரம் தப்பான பக்கம் சாய்ந்து அவர் இடது தோளில் விழுந்தது. நரம்பு அறுந்து கை செத்துவிட்டது என்றார்கள் டாக்டர்கள். பெர்னில் இருக்கும் காப்பீட்டுக் கம்பெனியில் சுர்பூஹன் என்ற அதிகாரிக்குச் சந்தேகம். "கை நல்லாத்தான் இருக்குன்னு நினைக்கிறோம். நிரூபியுங்கள்" என்று என்னிடம் ஒப்படைத்தார்.

அம்ஸ்டுட்ஸ் வீட்டெதிரே ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால், பனியில், பேப்பரை விரித்துக்கொண்டு நாள்கணக்கில் நின்றேன். என் உடம்பில் கம்பம் மறைத்த பாகம் கொஞ்சம்தான் என்று நதேஜ் சொல்வாள். அந்த நாட்களில் என்னைக் கண்டுபிடித்தது ஒரே ஒரு ஆள். ரொட்டி வாங்கக் கிளம்பிய என் அக்கா ஒதீல். "இங்க என்னடா பண்றே?" என்றாள். "வேலை" என்றேன். "மஃப்ளரை இழுத்துக் கட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். வரும்போது எனக்கும் ஒரு பன் வாங்கிவரச் சொன்னேன்.

அம்ஸ்டுட்ஸ் எப்போது வெளியே வந்தாலும் இடது கையைத் தோல்பட்டையில் நெஞ்சோடு கட்டித்தான் வருவார். ஒருநாள் காப்பிக்கடையில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து மணி கேட்டேன். அவர் வலது கையால் இடது கையைத் தூக்கி, ஒரு விறகுக் கட்டையைத் திருப்புவது போலத் திருப்பி, மணி சொன்னார். சரியான மணி. வாட்ச் முகத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்று எழுதியிருந்தது.

என் மூளையில் மின்னல் வெட்டியது. ஆட்டோமேட்டிக் வாட்ச் ஆடாத கையில் இரண்டு நாள் கிடந்தால் நின்றுவிடும். இது ஓடுகிறது. ஆகவே கை ஆடுகிறது. உடனே சுர்பூஹனுக்குப் போன் போட்டேன். அவர் என்னை மேதை என்றார். அவர் சொன்னது ஜெர்மனில். நான் தப்பாகக் கேட்டிருக்கவும் கூடும்.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல வைக்கிறேன். அந்த வாட்ச் நல்லா இருக்குன்னு மட்டும் உறுதிப்படுத்துங்க" என்றார்.

அதற்குத்தான் அந்தத் தந்திரம். எங்கள் ஆபீசின் முன்பாதி நதேஜின் வாட்ச் ரிப்பேர் கடை. 'குலுக்கலில் உங்களுக்கு முதல் பரிசு: இலவச வாட்ச் சர்வீஸ்' என்று ஒரு சீட்டு எழுதி அம்ஸ்டுட்ஸ் வீட்டுத் தபால்பெட்டியில் போட்டேன். மனுஷர் மறுநாளே வந்து மணிக்கட்டை மேஜைமேல் வைத்து, "வாரைக் கழட்டி விடுங்கம்மா, எனக்கு வராது" என்றார். நதேஜ் கழற்றினாள். நான் திரைக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றேன். வாட்ச் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் போனதும் சோதித்துப் பார்க்க அதை என் கையில் கட்டிக்கொண்டேன்.

இப்போது ஓடவில்லை.

"திறந்து பார்த்துடலாம்" என்றேன்.

"நான் திறக்கிறேன், நீங்க பாருங்க."

"நானும் பெஞ்சுல உட்கார்ந்து வேலை பார்த்தவன்தான்." இருவரும் ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள். அவளை அதிகம் பேசியதற்காகப் போகச் சொன்னார்கள். என்னை எதற்காக என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

பின்மூடியைத் திறந்ததும் ரோட்டார் தெரிந்தது. அரைவட்டமாக, கனமாக, பாதி அப்பளம் மாதிரி ஒரு தகடு. கை ஆடும்போது இது சுழன்று, சின்னச் சின்னச் சக்கரங்கள் வழியாக உள்ளே இருக்கும் மெயின் ஸ்பிரிங்கை முறுக்க வேண்டும். விரலால் சுற்றினேன். அழகாகச் சுழன்றது.

"முதல்ல ஒண்ணு பார்க்கலாம்" என்று நதேஜ் வெளிக் குமிழைப் பிடித்து, பழைய வாட்ச்சுக்குச் சாவி கொடுப்பதுபோல நாலு சுற்று சுற்றினாள். உடனே உள்ளே ஆடும் பாலன்ஸ் வீல் துள்ளி எழுந்து ஓட ஆரம்பித்தது.

"இதயம் நல்லாருக்கு. சாப்பாடுதான் போகல" என்றாள்.

மறுபடி முறுக்கைத் தளர்த்தினோம். ரோட்டாரை அதைத் தாங்கும் தகட்டோடு கழற்றி வெள்ளைத் தட்டில் வைத்தேன். அடுத்து நான் தொட்டது, பற்சக்கரம் பின்னால் திரும்பாமல் பிடிக்கும் சின்னக் கொக்கியின் ஸ்பிரிங். கண் இமை முடி அளவுதான் இருக்கும். ட்வீசரில் எடுத்தேன். அடுத்த நொடி ட்வீசர் மட்டும் இருந்தது.

"அசையாதீங்க" என்றாள் நதேஜ்.

தரையில் முழங்காலிட்டுத் தேடினோம். மேஜைக்கு அடியில், நாற்காலி மடிப்பில், என் மீசையில். கடைசியில் அவள் தன் காப்பிக் கோப்பையைச் சாய்த்துப் பார்த்து, க்ரீமின்மேல் மிதந்துகொண்டிருந்ததை ட்வீசரால் எடுத்தாள்.

"உங்களை ஏன் போகச் சொன்னாங்கன்னு இப்போ தெரியுது" என்றாள்.

அதற்குப் பிறகு அவளே கழற்றினாள். நான் கண்ணில் லென்ஸை மாட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வலது, இடது எந்தப் பக்கம் ரோட்டார் சுழன்றாலும் ஒரே பக்கமாக முறுக்குவதற்கு இரண்டு சக்கரங்கள் உண்டு. அவற்றுக்குள் நெல்மணியில் பாதி கூட இல்லாத கொக்கிகள். அந்தக் கொக்கிகள் காய்ந்த எண்ணெயில் அப்படியே ஒட்டிக் கிடந்தன. எண்ணெய் என்று சொல்வதே தப்பு. பழுப்பாக, வார்னிஷ் மாதிரி இறுகியிருந்தது.

ஊசிமுனையால் சக்கரத்தைத் தள்ளினேன். ஒரு பக்கம் சுழன்றது. மறுபக்கமும் சுழன்றது. எதையும் பிடிக்கவில்லை.

"இது வருஷக்கணக்கா வேலை செய்யல" என்றேன் மெதுவாக.

"சும்மா கிராமபோன் மாதிரி சுத்திக்கிட்டு இருந்திருக்கு. இப்போ இங்க பாருங்க." அவள் குமிழின் தண்டோடு சேர்ந்த பற்சக்கரங்களை என் லென்ஸுக்குக் கீழே நகர்த்தினாள். ஆட்டோமேட்டிக் வாட்ச்சில் இந்தப் பற்கள் கடையில் வாங்கிய அன்று இருந்தது போலவே இருக்க வேண்டும். அவற்றுக்கு வேலையே கிடையாதே. இவையோ தேய்ந்து, தேய்ந்த இடமெல்லாம் புதுசாகப் பளபளத்தன.

"தினமும் கையால சாவி கொடுத்திருக்காங்க" என்றேன்.

"ஆமா."

"அப்போ, வாட்ச் ஓடினதுக்கும் கை ஆடினதுக்கும்..."

"சம்பந்தமே இல்ல. வெள்ளிக்கிழமை பெர்ன்ல ஒரு கூட்டம் இருக்கு, அதுக்கும் உங்களுக்கும்தான் சம்பந்தம்."

 கௌரவத்தைக் காப்பாற்ற ஒரு கடைசி முயற்சி செய்தேன். "சரி. வலது கையால அவரே சாவி கொடுத்திருப்பார். அவ்வளவுதானே?"

"பாஸ், அவர் வலது கையை நீங்க பார்த்ததே இல்லையா? கட்டைவிரல் பாதிதான் இருக்கு. ஆள்காட்டி விரல் இல்லவே இல்ல. எப்பவோ மர அறுவை மில்லுல போனதாம். இந்தக் குமிழ் எனக்கே நகத்துல நழுவுது. அவர் வாரைக் கூடக் கழட்ட முடியாம என்கிட்ட நீட்டினார்."

நான் அவரை நாள்கணக்கில் உற்றுப் பார்த்தேன். இடது கையை மட்டும்.

"அப்படின்னா வேற யாரோ" என்றேன்.

"வேற யாரோ." நதேஜ் அந்தக் குமிழைத் தனியாக எடுத்து, அதன் வரிகளுக்கிடையில் பஞ்சுக் குச்சியை ஓட்டினாள். மஞ்சளாக, பிசுபிசுவென்று ஏதோ வந்தது. முகர்ந்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. குச்சியை என் மூக்கருகே நீட்டினாள்.

"என்ன வாசனை வருது?"

நன்றாக இழுத்து முகர்ந்தேன். "ஒண்ணும் வரலையே."

"ஒண்ணுமே?"

"சுத்தமா இல்ல."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கற்பூரம். கிராம்பு. அதுக்கு அடியில மார்மோட்ங்கிற மலை அணிலோட கொழுப்பு. மூட்டு வலிக்குத் தடவற களிம்பு இது."

"பிரமாதம்" என்று கோட்டை எடுத்தேன். "அந்தக் களிம்பைச் செய்றது மருந்துக்கடை மதாம் வில்லெமியே ஒருத்தர்தான். அங்க போனா ஆள் கிடைச்சிடும். பார்த்தியா, துப்புன்னா இதுதான் துப்பு."

"கண்டிப்பா நானும் வரேன்" என்றாள் நதேஜ். "இதை நான் பார்க்காம விட மாட்டேன்."

மதாம் வில்லெமியே வெள்ளைக் கோட்டில், கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தார். பஞ்சுக் குச்சியை ஒரு வெல்வெட் டப்பாவில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். கடையில் வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மெல்ல நீட்டினேன்.

அவர் ஒரே முறைதான் முகர்ந்தார். "என் களிம்புதான். கிராம்பு போட்டது. இதை ஒரே ஒரு வீட்டுக்குத்தான் தனியா செய்து கொடுக்கிறேன். கொழுப்பு வாடை பிடிக்கலைன்னு அவங்க கேட்டுக்கிட்டாங்க."

"யார் அவங்க?"

"மருந்து வாங்கறவங்க பேரை வெளியில சொல்ற வழக்கம் எனக்கு இல்ல."

"மதாம், ஒரு மனுஷனோட பிழைப்பு இதுல அடங்கியிருக்கு. பேர் வேண்டாம். வாங்க வர ஆள் எப்படி இருப்பார்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அவர் என்னையும் நதேஜையும் மாறி மாறிப் பார்த்தார். நதேஜ் தொண்டைவலி மிட்டாய்களை மிகவும் அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்பளை" என்றார் மதாம் வில்லெமியே. "அம்பது தாண்டியாச்சு. வழுக்கை. கம்பளித் தொப்பியால மறைக்கப் பார்ப்பார். எப்பவும் சளி. குளிர்ல எங்கேயோ நின்னுட்டு வருவார் போல. வந்தா களிம்பை வாங்கிக்கிட்டு ஏதாவது பெருசா பேசுவார். நான் சரி சரின்னு தலையாட்டி வைப்பேன்."

"பார்த்தா சந்தேகப்படற மாதிரி இருப்பாரா?"

"சந்தேகம்னு இல்ல. கொஞ்சம் பாவமா இருக்கும்."

"நதேஜ், மனசுல வச்சுக்கோ" என்றேன்.

"வச்சிருக்கேன் பாஸ். ரொம்ப நாளா."

அப்போதுதான் மதாம் வில்லெமியேவின் தோளுக்குப் பின்னால், அலமாரிக் கண்ணாடியில், ஒரு ஆள் தெரிந்தான். கம்பளித் தொப்பி. ஓரத்தில் எட்டிப் பார்க்கும் வழுக்கை. சிவந்த மூக்கு. கையில் வெல்வெட் டப்பா.

"போன வாரம்கூட வந்தீங்களே மிஸ்யூ ஜாக்கோ" என்றார் மதாம் வில்லெமியே மென்மையாக. "அக்காவோட விரல் வலி எப்படி இருக்கு?"

வெளியே வந்து, மலையேறும் கம்பி ரயில் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். நதேஜும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  அவள் பேசாமல் இருப்பதற்கு முயற்சி எடுப்பது தெரிந்தது.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"குச்சியை முகர்ந்தப்பவே. உங்க கோட்டுல அந்த வாசனை. உங்க ரொட்டியில அந்த வாசனை. நீங்க திருப்பிக் கொடுக்கிற என் குடையில கூட அந்த வாசனை. அதுக்குள்ளேயே குடியிருக்கீங்க, அப்புறம் எப்படி உங்களுக்கு வரும்?"

"ஏன் சொல்லல?"

"நான் சொன்னா ஜோக்னு நினைச்சிருப்பீங்க. அவங்க சொன்னா நம்புவீங்க." எழுந்து உடையைத் தட்டிக்கொண்டாள். "வீட்டுக்குப் போங்க பாஸ். நான் வாட்ச்சைச் சேர்த்து வைக்கிறேன். போய்க் கத்தாதீங்க."

நான் கத்துவதாக இருந்தேன். வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன். ஒரு வழக்கில் சாட்சியத்தை மறைத்தது, குடும்ப மானம், நம்பிக்கை என்று மூன்று பத்தி. வீட்டுக் கதவைத் திறந்தபோது அக்கா ஒதீல் சமையலறையில் சூப்புக்கு லீக்ஸ் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். அப்பாவின் வீட்டில் சேர்ந்து இருக்கிறோம். அவள் விரல்கள் கணுக்கணுவாக வீங்கியிருந்தன. அந்த விரல்களால் தினமும் அந்தச் சின்னக் குமிழைத் திருகுகிறாள் என்று நினைத்ததும் முதல் பத்தி மறந்துபோனது.

"பேக்கரி ஸ்டேஷன் பக்கத்துல இருக்கு" என்றேன்.

"ஆமா. உனக்கு என்னடா திடீர்னு?"

"அம்ஸ்டுட்ஸ் வீட்டுத் தெருவுல இல்ல."

கத்தி நின்றது. பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தது. "அந்த பன் நாளைத் தவிர இன்னும் ரெண்டு தடவை உன்னைத் தாண்டிப் போனேன். ரெண்டாவது தடவை நீ எனக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னே. யாரோ அக்கம்பக்கத்து அம்மான்னு நினைச்சிருப்பே."

"எவ்வளவு நாளா?"

"மரம் விழறதுக்கு முந்தியே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீ யார் யார் வீட்டுல என்ன நடக்குதுன்னு தேடறவன். இந்த ஊர்ல எல்லாருக்கும் எல்லார் விஷயமும் தெரியும். ஒண்ணே ஒண்ணு யாருக்கும் தெரியாம என்கிட்ட இருந்துது. அதுவும் உன் மூக்குக்குக் கீழேயே. அது எவ்வளவு சந்தோஷமா இருந்துது தெரியுமா? காலையில உனக்குக் காப்பி ஊத்தும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுர்பூஹனிடம் நான் சொன்னதை அவளிடம் சொன்னேன். முழுதாகச் சொன்னேன். மேதை என்று அவர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன்.

அவள் முகம் வெளுத்துப்போனது. "அந்தப் பணம் நின்னா அவர் அந்த வீட்டைக் காலி பண்ணணும் ஒரேல். கீழே ஜெனீவாவுல இருக்கிற அவரோட தம்பி வீட்டுக்குத்தான் போகணும்."

போனை எடுத்தேன். அவள் பக்கத்திலேயே நின்றாள்.

"ஹெர் சுர்பூஹன், நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தேன். வாட்ச்சின் ஆட்டோமேட்டிக் பாகம் எப்போதோ செத்துவிட்டது என்றும், கையால் சாவி கொடுத்துத்தான் ஓடுகிறது என்றும் விளக்கினேன்.

"அவர் வலது கையில் விரல்கள் இல்லை என்று எங்கள் ஆவணத்தில் இருக்கிறது" என்றார் நிதானமாக.

"அதேதான். அதனால அவரால சாவி கொடுக்க முடியாது."

"வலது கையில் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் சாவி கொடுத்தால்? அப்போது இடது கை மிக நன்றாக வேலை செய்கிறது என்றுதானே ஆகிறது? நீங்கள் வழக்கை இன்னும் பலமாக்கிவிட்டீர்கள், ஹெர் ஜாக்கோ."

 தொழிலில் நான் ஒருவருக்கு இவ்வளவு உதவியாக இருந்ததே இல்லை.

"வேறு யாராவது சாவி கொடுக்கிறார்களா? யார்? பெயர் சொல்லுங்கள்."

பெயர் என் பக்கத்தில் ஏப்ரனோடு நின்றது. இதைச் சொன்னால் பெர்னில் ஒரு கூட்டத்தில் படிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சர்ச் வாசலில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் பசீல் அம்ஸ்டுட்ஸ் ஜெனீவாவுக்குப் போவார். "ஒரு நிமிஷம்" என்றேன். 

ஒதீல் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் ஒதீல் ஜாக்கோ பேசறேன். தினமும் காலையில அம்ஸ்டுட்ஸ் வீட்டுக்குப் போய், அவருக்குச் சட்டை மாட்டி விட்டு, அந்த வாட்ச்சுக்குச் சாவி கொடுக்கறது நான்தான். அந்தக் கையை நான் தூக்கினாத்தான் உண்டு. தானா ஒரு விரல்கூட அசைஞ்சு நான் பார்த்ததில்ல. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்... என்ன உறவா? அதுக்கு இன்னும் பேர் வைக்கல. நீங்க என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க... ஆமா, உங்க துப்பறிவாளனோட அக்காதான்... இல்ல சார், அவனுக்குத் தெரியாது. அவனுக்கு எதுவுமே தெரியாது. அதை வேணும்னா பெரிய எழுத்துல போடுங்க."

கேட்டுக்கொண்டே இருந்தாள். "சரி" என்றாள். "சொல்றேன்" என்றாள். போனை வைத்தாள்.

"என்ன சொன்னார்?"

"வெள்ளிக்கிழமை இந்த விஷயம் கூட்டத்துக்குப் போகாதாம். அவங்க டாக்டர் இன்னொரு தடவை வந்து கையைப் பார்ப்பாராம். பார்க்கட்டும்." கத்தியை எடுத்தாள். "உனக்கு இனிமே அவங்ககிட்ட வேலை இல்லையாம். அதையும் சொல்லச் சொன்னார்."

மறுநாள் பிற்பகல் வாட்ச்சை எடுத்துக்கொண்டு நானே போனேன். நதேஜ் அதைச் சுத்தம் செய்து, எண்ணெய் மாற்றி, ஆட்டோமேட்டிக் பாகத்தையும் சரிசெய்து கொடுத்திருந்தாள். காப்பி குடித்த ஸ்பிரிங்கும் உள்ளே இருந்தது. அக்கா எனக்கு முன்னால் போய்விட்டிருந்தாள். மறைக்காமல், தெரு நடுவில் நடந்து.

அம்ஸ்டுட்ஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மேஜையில் திராட்சை போட்ட ரொட்டியும் நாலு கோப்பையும் இருந்தன. நதேஜும் வருவாள் என்று நினைத்திருக்கிறார்கள். அவள் வரமாட்டேன் என்றிருந்தாள். சிரித்துவிடுவாளாம்.

"மிஸ்யூ அம்ஸ்டுட்ஸ்" என்று நின்றபடியே ஆரம்பித்தேன். "அந்தக் குலுக்கல் பரிசு..."

"உங்க கையெழுத்துன்னு ஒதீல் சொன்னா" என்றார். "உட்காருங்க. இதுவரைக்கும் எந்தக் குலுக்கல்லயும் ஜெயிச்சதில்ல. இதையாவது விடுவானேன்னு வந்தேன்."

"நான் உங்களை வேவு பார்த்தேன்."

"தெரியும். நீங்க கம்பத்துக்குப் பின்னால நின்னப்போ எனக்கு மனசு கேக்கல. ஒரு கோப்பை சூப் கொடுத்தனுப்பலாமான்னு இவகிட்ட கேட்டேன். வேண்டாம், மறைஞ்சு நிக்கறதா நினைச்சுக்கிட்டு இருக்கான், மனசு ஒடிஞ்சிடும்னு சொல்லிட்டா."

அக்கா ரொட்டி வெட்டுவதில் மும்முரமாக இருந்தாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். தயார் செய்துகொண்டு போகாததால் ஒழுங்காகவே வந்தது. அவர் தலையசைத்தார். பிறகு வலது கையின் மிச்ச விரல்களால் இடது கையைப் பட்டையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். வாட்ச்சைக் கட்டிவிட நான் குனிந்தேன். அந்தக் கையை அன்றுதான் முதல்முறையாகத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. கனம். நான் இத்தனை நாள் சந்தேகப்பட்ட கை, ஈர விறகு போல என் உள்ளங்கையில் கிடந்தது. வார் ஓட்டையில் ஊசியை மாட்ட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இனிமே தானா ஓடுமா?" என்றார்.

"ஓடும். கை ஆடினா..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றேன். "நல்ல கையில கட்டிக்கலாமே. மணி பார்க்கவாவது சுலபமா இருக்குமே. எதுக்கு இந்தக் கையில?"

 மேஜைமேல் கிடந்த கையைப் பார்த்தார்.

"இந்தக் கையில எனக்கு எதுவும் தெரியாது மிஸ்யூ ஜாக்கோ. சூடு தெரியாது, வலி தெரியாது. யார் பிடிச்சாலும் தெரியாது. ஆனா காலையில அவ சாவி கொடுக்கும்போது, இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறது கண்ணுக்குத் தெரியும். அது போதும்னு வச்சுக்கிட்டேன்."

நான் குமிழை நோக்கி விரலை நீட்டினேன். வாட்ச்சைத் திருப்பிக் கொடுக்கும்போது சாவி கொடுத்துக் கொடுப்பது பெஞ்சில் வேலை பார்த்தவன் பழக்கம்.

"அதை விடு" என்றாள் ஒதீல்.

விரலை இழுத்துக்கொண்டேன். அவள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். ஏப்ரனில் விரல்களைத் துடைத்தாள். அந்த மணிக்கட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வீங்கிய விரல்களால் அவசரமில்லாமல் திருக ஆரம்பித்தாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் நான் அங்கே இருப்பதை மறந்துவிட்டிருந்தார்கள்.

தொப்பியை எடுத்துக்கொண்டு கதவருகே போனேன்.

"ஒரேல்" என்றாள் அக்கா, திரும்பாமலே. "வெளியில போய்க் கதவைச் சாத்து. குளிருது."

சாத்தினேன்.